ஆர்மி ஆஃப் ஷேடோஸ்: சாகசமே இல்லாத ஒரு ஸ்பை படம்

மார்சேய் நகரத்துல கடலோரமா ஒரு வாடகை வீடு. மூணு பேர் ஒரு சின்னப் பையனை உள்ள கூட்டிட்டு வந்து கதவைச் சாத்தறாங்க, பேரு துனா, இருபது வயசைத் தாண்டி ரொம்ப நாள் ஆகியிருக்காது. இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரன் பிடியில இருந்த பிரான்ஸ்ல தலைமறைவா போராடின ரெசிஸ்டன்ஸ் இயக்கத்துல இருந்தவன், தலைவரையே போலீஸ்கிட்ட காட்டிக்கொடுத்துட்டான், அதனால அவனைக் கொல்லணும்னு முடிவாயிடுச்சு. கையில துப்பாக்கியும் இருக்கு. ஆனா சுட முடியாது, ஏன்னா பக்கத்து வீடு காலியா இருக்குன்னு நம்பித்தான் இந்த வீட்டைப் புடிச்சாங்க, இப்ப பாத்தா அங்க ஒரு குடும்பம் குடி வந்திருக்கு, சுவரு வேற மெல்லிசு, இந்தப் பக்கம் சத்தமா பேசினா அந்தப் பக்கம் கேக்கும். சரி கத்தி இருக்கான்னு தேடறாங்க, இல்ல. துப்பாக்கிக் கட்டையால அடிக்கலாமான்னு ஒருத்தர் கேக்கறார். இந்த டிஸ்கஷன் பூரா அந்தப் பையன் அதே ரூம்ல நின்னு கேட்டுட்டு இருக்கான். கடைசியில கிச்சன்ல இருந்து ஒரு துண்டை எடுத்துட்டு வராங்க.

மூணு பேர்ல வயசுல சின்னவன் உடைஞ்சு போய், நான் இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணதே இல்லைங்கறான். அதுக்குத் தலைவர் ஜெர்பியே சொல்றது, எங்களுக்கும் இதான் முதல் தடவை, பாத்தா தெரியலையா.

ழான்-பியர் மெல்வில் 1969ல எடுத்த படம் இது. ஆபீஸ் நண்பன் ஒருத்தன், இரண்டாம் உலகப் போர் ஸ்பை படம்னா சோறு தண்ணி இல்லாம பாப்பான், அவன்கிட்ட நான்தான் இதைப் பாருடான்னு சொன்னேன். மறுநாள் வந்து, என்னடா ரெண்டரை மணி நேரமா எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு நடந்துட்டே இருக்கானுங்க, ஒரு பாலத்தையாவது வெடிக்க வெச்சிருக்கலாம்லன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். படம் பூரா இவங்க ஜெர்மன்காரனுக்கு எதிரா உருப்படியா என்ன பண்ணாங்கன்னு லிஸ்ட் போட்டா ரொம்பச் சின்ன லிஸ்ட்தான் வரும். ஒரு ரயில் கவிழாது, ஒரு ஃபேக்டரி எரியாது, நார்மண்டி மேப்பை யாரும் திருட மாட்டாங்க. புடிபடறது, தப்பிக்கறது, புடிபட்டவனைக் காப்பாத்தப் போறது, காப்பாத்த முடியாதவனை என்ன பண்றதுன்னு யோசிக்கறது, இவ்ளோதான். எனக்கு இந்தப் படம் இவ்ளோ பிடிக்கறதுக்குக் காரணமே அதான். ஒரு ரகசிய இயக்கத்தோட முக்கால்வாசி உழைப்பு அந்த இயக்கம் உயிரோட இருக்கறதுக்கே செலவாகிடும்னு இவ்ளோ வெளிப்படையா காட்டின வேற படத்தை நான் பாக்கல.

படத்துக்கு மூலம் ஜோசப் கெசல் எழுதின நாவல். கெசல் ஒரு சுவாரசியமான ஆளு, பத்திரிகைக்காரர், முதல் உலகப் போர்ல விமானப்படையில இருந்தவர், புனுவெல் 1967ல எடுத்த பெல் தெ ஜூர் படம்கூட இவரோட நாவல்தான். பிரான்ஸ் விழுந்ததுக்கு அப்புறம் ரெசிஸ்டன்ஸ்ல சேந்து, எல்லை தாண்டி லண்டன் போய், 1943ல அங்க உக்காந்து தன் தம்பி மகன் மோரிஸ் துருவோன்கூட சேந்து ரெசிஸ்டன்ஸோட தேசிய கீதம்னே சொல்லக்கூடிய பார்ட்டிசான் பாட்டுக்குப் பிரெஞ்சு வரிகள் எழுதினார். அதே வருஷம்தான் இந்த நாவலும் அல்ஜியர்ஸ்ல புத்தகமா வருது, பாரிஸ்ல போட முடியாதுல்ல.

1943ங்கற வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். போர் முடியல. யார் ஜெயிப்பான்னு எழுதறவனுக்கும் தெரியாது படிக்கறவனுக்கும் தெரியாது. நாவலோட முன்னுரையில கெசல் சொல்றார், இதுல எதுவும் கற்பனை இல்ல, ஆனா எதுவும் அடையாளம் தெரியற மாதிரியும் இருக்கக் கூடாது, ஏன்னா இதுல வர்ற ஆளுங்க இப்பவும் அங்க வேலை பாத்துட்டு இருக்காங்க, ஒரு தெருப் பேரு சரியா எழுதிட்டாகூட ஒருத்தன் மாட்டிப்பான். அதனால பேரு, ஊரு, நடந்த விதம் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டிருக்கார். ஒருத்தருக்கு நடந்ததை இன்னொருத்தருக்கு நடந்ததா மாத்தி. நாவலே ஒரு மாதிரி போலி ஐடி கார்டோட சுத்தற நாவல். படிச்சீங்கன்னா கோர்வையா ஒரு கதை மாதிரி இருக்காது, நடுவுல ஜெர்பியேவோட குறிப்புகள்னு ஒரு பகுதி வரும், பேரில்லாத யார் யாரோ பண்ண சின்னச் சின்ன காரியங்கள் வரிசையா வரும். மெல்வில் அதுல பெரும்பாலானதைத் தூக்கிட்டார். படத்துக்கு அது நல்லதுதான், ஆனா புத்தகத்துல ஊர் பூரா இருக்கற சாதாரண ஜனங்களோட ஒரு கூட்டம் தெரியும், படத்துல ஏழெட்டு பேர்தான் தெரியறாங்க.

மெல்வில் இந்தப் புத்தகத்தை 1943லயே லண்டன்ல படிச்சுட்டார். ஏன் லண்டன்ல இருந்தார்னா அவரும் ரெசிஸ்டன்ஸ்காரர். நிஜப் பேரு கிரும்பாக், யூதக் குடும்பம். மெல்வில்ங்கறது மோபி டிக் எழுதினவரு மேல இருந்த பைத்தியத்துல அவர் வெச்சுக்கிட்ட பேரு, அதையே சினிமாவுக்கும் வெச்சுக்கிட்டார். அப்புறம் இத்தாலியில போய் சண்டையும் போட்டிருக்கார். அவரோட அண்ணன் ஜாக் கிரும்பாக்கும் இதே வேலையில இருந்தவர், 1942 கடைசியில பைரனீஸ் மலை வழியா ஸ்பெயினுக்குத் தப்பிக்கும்போது கூட்டிட்டுப் போன வழிகாட்டியே அவரைச் சுட்டுக் கொன்னுட்டான். எதிரி கொல்லல, காசு வாங்கிட்டு வழி காட்ட வந்தவன் கொன்னான். இது தெரிஞ்சதுக்கு அப்புறம் படத்துல வர்ற அண்ணன் தம்பி கதையை என்னால வேற மாதிரி பாக்க முடியல, அதுக்கு வரேன்.

புத்தகத்தைப் படிச்சு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் படமா எடுக்கறார். அதுக்குள்ள கேங்ஸ்டர் படங்களா எடுத்துப் பேர் வாங்கிட்டார், தொப்பி, மழைக்கோட்டு, அதிகம் பேசாத ஆம்பளைங்க, சாம்பல் கலர் தெரு. ரெசிஸ்டன்ஸ் படத்தையும் அதே டிசைன்லதான் எடுத்தார்னு நிறைய பேர் சொல்வாங்க. நான் இதை உல்டாவா பாக்கறேன். தலைமறைவு வாழ்க்கையோட பழக்கம்லாம் அவருக்கு இளவயசுல இருந்தே தெரியும், அதைத்தான் கேங்ஸ்டர்களுக்குக் கடன் கொடுத்திருந்தார்.

ஜெர்பியேவா நடிச்சது லினோ வென்ச்சுரா. முன்னாள் மல்யுத்தக்காரர், அந்த உடம்பே ஒரு பீரோ மாதிரி இருக்கும், அதுக்கு மேல ஒரு கண்ணாடியைப் போட்டு ஒரு சிவில் எஞ்சினியரா உக்கார வெச்சுட்டாங்க. முந்தின படத்துல ஏதோ ஒரு ரயில் ஷாட் தகராறுல இருந்து அவருக்கும் மெல்விலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, இந்தப் படம் பூரா அசிஸ்டன்ட் மூலமாத்தான் பேசிக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. ஒரு விதத்துல கேரக்டருக்கு அதுவும் வசதியாப் போச்சு.

ஆரம்பத்துல ஜெர்பியேவை ஒரு கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போறாங்க, மழை கொட்டுது, போலீஸ் வேன். கூட்டிட்டுப் போறது ஜெர்மன்காரன் இல்ல, பிரெஞ்சு போலீஸ். அந்த ஆளு போற வழியில வண்டியை நிறுத்தி ஒரு பண்ணையில வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கறான், ரேஷன் காலம்ல. போய்ச் சேந்த கேம்ப் எதுக்குக் கட்டினதுன்னா, போர் ஆரம்பத்துல நாம புடிக்கப்போற ஜெர்மன் கைதிகளை அடைக்கறதுக்காக பிரெஞ்சுக்காரனே கட்டினது. அந்தக் கைதிங்க வரவே இல்ல, இப்ப அதுல பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரனை அடைச்சு வெச்சிருக்கான். இதைப் படம் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடும், அழுத்தவே அழுத்தாது.

அங்க இருந்து அவரைப் பாரிஸுக்கு, மஜெஸ்டிக் ஓட்டல்ல இருக்கற கெஸ்டாபோ (ஜெர்மன் ரகசியப் போலீஸ்) ஆபீஸுக்குக் கொண்டு வராங்க. காத்திருக்கற பெஞ்சுல பக்கத்துல இன்னொரு கைதி. ஜெர்பியே அவன்கிட்ட மெதுவா ஒரு பிளான் சொல்றார், காவலுக்கு நிக்கறவனை அவனோட கத்தியாலயே குத்திட்டு வெளிய ஓடறார். அந்த இன்னொரு கைதியும் ஓடினான், சுடற சத்தம் கேக்குது. அவன் என்ன ஆனான்னு படம் சொல்லாது. ஜெர்பியே அவனைக் காப்பாத்த நெனைச்சாரா, இல்ல குண்டு அவன் பக்கம் போகட்டும்னு நெனைச்சாராங்கறதும் எனக்குப் புரியல, மூணு தடவைக்கு மேல ரீவைண்ட் பண்ணிப் பாத்தாச்சு.

அடுத்து வர்றதுதான் நான் யாரைப் பாத்தாலும் சொல்ற சீன். ராத்திரி, மூச்சு வாங்க ஓடி வந்து திறந்திருக்கற ஒரே கடைக்குள்ள நுழையறார், சலூன். கடைக்காரர் தனியா இருக்கார், செர்ஜ் ரெஜியானி, ரெண்டு மூணு நிமிஷம்தான் வருவார். என்ன வேணும்னு பாக்கறார், ஷேவிங்னு சொல்றார் ஜெர்பியே. இந்த நேரத்துல வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து ஷேவிங் பண்ணச் சொல்றவன் யாருன்னு எந்தக் கடைக்காரனுக்கும் தெரியும். ஆனா சுவத்துல பெத்தாங் பேச்சு அச்சடிச்ச போஸ்டர் ஒட்டியிருக்கு, ஜெர்மன்காரனுக்குத் தலையாட்டின விஷி அரசாங்கத்தோட தலைவர் பெத்தாங், அப்ப கடைக்காரன் எந்தப் பக்கம்னு ஜெர்பியேவுக்குப் புரிஞ்சிடுச்சு. நமக்கும். கழுத்துல சவரக்கத்தி. சத்தமே இல்லாம ஷேவிங் நடக்குது, நுரை, கத்தி, நுரை, கத்தி. முடிஞ்சதும் காசு கொடுத்துட்டு வேகமா கிளம்பறார், இருங்க சில்லறை தரேன்னு கடைக்காரர் உள்ள போறார். போன் பண்ணத்தான் போறார்னு நாம நெனைப்போம். திரும்பி வரும்போது கையில ஒரு வேற கலர் கோட்டு. ஒண்ணும் பெரிசா இல்ல, ஆனா இருக்கட்டும்ங்கற மாதிரி ஏதோ சொல்லிக் கொடுக்கறார். அவ்ளோதான், அந்த ஆளை அப்புறம் படத்துல பாக்கவே மாட்டோம், பேரு கூட இல்ல. அந்த போஸ்டரை அவர் நம்பி ஒட்டினாரா பயந்து ஒட்டினாரா, ஒட்டிட்டு மனசு மாறினாரா, நீங்களே யோசிச்சுக்கலாம். கெசல் புத்தகத்துல இருந்த அந்தப் பேரில்லாத கூட்டத்தோட ஒரே பிரதிநிதி மாதிரி அவர் வந்து நிக்கறார்.

அப்புறம் ஜெர்பியே லண்டன் போய்த் திரும்பற பகுதி கொஞ்சம் தொய்வுதான். சப்மரின் ஷாட், அப்புறம் ஜெர்பியே விமானத்துல இருந்து குதிக்கறது, மினியேச்சரும் டிரிக் ஷாட்டும் அப்பட்டமா தெரியும், 1969க்கே கொஞ்சம் பழசுதான். ஆனா சில விஷயம் அங்கதான் இருக்கு. லண்டன்ல இருந்து டி கோல் நடத்தின ஃப்ரீ பிரெஞ்சு இயக்கத்தோட உளவுத்துறைத் தலைவரா ஒருத்தர் வந்து பேசுவார், அது நடிகர் இல்ல, நிஜமாவே அந்த வேலை பாத்த கர்னல் பாஸி, ஆந்த்ரே தெவாவ்ரன், தன்னையே நடிச்சிருக்கார். கெசல் பேரை மறைச்சு எழுதின உலகத்துல இருபத்தாறு வருஷம் கழிச்சு அந்த ஆளே வந்து கேமரா முன்னாடி உக்காந்துட்டார். டி கோல் ஒரு மெடல் குத்தற காட்சியும் உண்டு, உசரத்தை மட்டும் காட்டுவாங்க. (நம்ம பக்கத்துக்காரங்களுக்கு ஒரு துணுக்கு: அந்த டி கோல் பக்கம் 1940 செப்டம்பர்லயே போய்ச் சேந்துட்டது புதுச்சேரி, கவர்னரா இருந்த பொன்வேன் முடிவு பண்ணி. பாரிஸ்ல ஜெர்மன்காரன் இருந்த நாலு வருஷமும் புதுச்சேரி ஃப்ரீ பிரான்ஸ்தான்.)

அந்த லண்டன்ல, ஜெர்பியேவுக்கும் மேல இருக்கற பெரிய தலைவர் லூக் ழார்தியும் ஜெர்பியேவும் ஒரு நாள் கான் வித் த விண்ட் பாக்கப் போவாங்க. வெளிய வந்ததும் லூக், பிரான்ஸ்காரங்க இந்தப் படத்தைப் பாக்கற அன்னிக்குத்தான் போர் முடிஞ்சதா அர்த்தம்ங்கற மாதிரி சொல்வார். அந்தப் படம் பிரான்ஸ் தியேட்டருக்கு வந்தது 1950ல.

இப்ப அந்த அண்ணன் தம்பி கதை. லூக் ழார்தி வெளி உலகத்துக்கு ஒரு தத்துவப் பேராசிரியர், பாரிஸ்ல ஒரு பெரிய வீட்டுல புத்தகங்களுக்கு நடுவுல குளிர்ல ஒண்டிக்கிட்டு உக்காந்திருப்பார். தம்பி ழான் ஃபிரான்சுவா இயக்கத்துல சேந்தவன், அண்ணனைப் பாக்க வருவான், பாவம் அண்ணன் புத்தகப் புழுவாவே இருந்துட்டார்னு நெனைச்சுட்டுப் போவான். அப்புறம் ஒரு ராத்திரி சப்மரினுக்குப் பெரிய தலைவரைப் படகுல கொண்டு போய் விடற வேலை அவனுக்கு வருது. கும்மிருட்டு, முகம் தெரியாது, பேசக் கூடாது. அவன் துடுப்புப் போட்டுக் கொண்டு போய் விடற ஆளு அவன் அண்ணன்தான். கடைசிவரைக்கும் அவனுக்குத் தெரியாது.

அதே தம்பிதான் படத்துலயே பெரிய காரியத்தைப் பண்றான், அதுவும் யாருக்கும் தெரியாது. ஃபெலிக்ஸ்னு அவனோட தோழன் லியோன்ல புடிபட்டு கெஸ்டாபோ சித்ரவதையில கெடக்கறான். மத்தில்ட் ஒரு பிளான் போடறா, சிமோன் சிக்னோரே, என்னா நடிப்பு, மளிகைக்கடையில க்யூவுல நிக்கற அக்கா மாதிரி சாதாரணமா இருந்துக்கிட்டு எல்லாத்தையும் நடத்தறது அவதான். ஜெர்மன் நர்ஸ் யூனிஃபார்ம், திருட்டு ஆம்புலன்ஸ், ஆட்களுக்கு ஜெர்மன் சிப்பாய் வேஷம், கைதியை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி போலி ஆர்டர். ஆனா உள்ள இருக்கற ஃபெலிக்ஸுக்கு விஷயம் தெரியணும், எப்படித் தெரிவிக்கறது? ழான் ஃபிரான்சுவா யாருக்கும் சொல்லாம, தன்னைப் பத்தியே ஒரு மொட்டைக் கடுதாசி எழுதி கெஸ்டாபோவுக்குப் போட்டுட்டு, இயக்கத்துக்கு நான் விலகிக்கறேன்னு ஒரு லெட்டர் அனுப்பிட்டு, தானா போய் மாட்டிக்கறான். அடி வாங்கி ஃபெலிக்ஸ் இருக்கற அறைக்கே போய்ச் சேந்துடறான்.

ஆம்புலன்ஸ் வருது. ஒவ்வொரு கேட்டா திறக்குது, மூடுது. எந்த ஸ்பை படத்துலயும் இந்த இடத்துல ஒரு சந்தேகப் பார்வை, ஒரு துப்பாக்கிச் சண்டை, கிளம்பிடுவாங்க. இங்க ஒரு ஜெர்மன் டாக்டர் போய் ஃபெலிக்ஸோட நாடியைப் புடிச்சுப் பாத்துட்டு வந்து, இவனை நகத்த முடியாது, வழியிலயே செத்துடுவான்ங்கறார். அந்த டாக்டர் கொடுமைக்காரன்லாம் இல்ல, தன் வேலையைச் சரியா பாத்தவர். மத்தில்ட் மூஞ்சியில ஒரு தசை அசையாது. சரி, அப்படியே ரிப்போர்ட் பண்ணிடறேன்னு சொல்லிட்டு வண்டியைத் திருப்பறாங்க. வந்த மாதிரியே ஒவ்வொரு கேட்டா திறக்குது, மூடுது, பாக்கற நமக்கு அடிவயிறு கலங்கும், ஏன்னா தோத்துட்டுத் திரும்பும்போதும் நடிக்கணும்ல.

உள்ள ழான் ஃபிரான்சுவாகிட்ட ஒரு சயனைடு மாத்திரை இருக்கு. அதை ஃபெலிக்ஸுக்குக் கொடுக்கறான். உனக்கு? எங்கிட்ட நிறைய இருக்குங்கறான். இல்ல. இருந்தது அது ஒண்ணுதான்.

வெளிய இருக்கறவங்களைப் பொறுத்தவரைக்கும் அவன் பயந்து ஓடிப்போனவன். அண்ணன்காரர் உட்பட யாருக்கும் உண்மை போய்ச் சேராது. சினிமாவுல தியாகம் பண்றவனைப் பத்தி யாராவது ஒருத்தர் கடைசியில கண்டுபுடிச்சு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டே ஆகணும்னு ஒரு சட்டம் இருக்குல்ல, மெல்வில் அதைக் கிழிச்சுப் போட்டுட்டார். பார்க்கற நமக்கு மட்டும்தான் தெரியும், அதனால ஒரு சங்கடம் வேற, நாம போய் யார்கிட்ட சொல்றது.

நிஜ லியோன்ல நடந்ததைப் பக்கத்துல வெச்சுப் பாத்தா இன்னும் விசித்திரமா இருக்கும். அங்க 1943 ஜூன் 21ல ரெசிஸ்டன்ஸை ஒண்ணு சேத்த ழான் மூலான் புடிபட்டார், லியோன் கெஸ்டாபோ தலைவன் கிளவுஸ் பார்பி கையில சித்ரவதை பட்டு ஜூலையில செத்தார். அவரோட சேந்து மாட்டின ரேமோன் ஓப்ராக்கை அவரோட மனைவி லூசி, வயித்துல குழந்தையோட, பார்பியோட ஆபீஸுக்கே போய்ப் பொய் சொல்லி நடிச்சு, அக்டோபர் 21ல கைதி வேனை நடுரோட்டுல மறிச்சு சுட்டு மீட்டுட்டுப் போயிட்டாங்க. அதாவது சினிமாவுல வர்ற மாதிரி ஒரு சாகசம் நிஜத்துல நடந்து ஜெயிச்சிருக்கு. கையில அப்படி ஒரு கதை கிடைக்கற ஊரை வெச்சுக்கிட்டு மெல்வில் தோத்துப்போன ஆம்புலன்ஸைத்தான் காட்டினார்.

குறைன்னு சொல்லணும்னா கம்யூனிஸ்டுங்களைக் காட்டின விதம். ரெசிஸ்டன்ஸ்ல அவங்க பங்கு அவ்ளோ பெரிசு, படத்துல கேம்ப்ல இருக்கற லெகிரேன்ங்கற ஒரு சின்னப் பையனோட சரி. ஜெர்பியேகூட சேந்து தப்பிக்க பிளான் போட்டவன், ஜெர்பியேவை வேற இடத்துக்குக் கொண்டு போனதும் அப்படியே நின்னுடறான். 1969 செப்டம்பர்ல படம் வந்தப்போ பிரான்ஸ்ல கயே து சினிமா பத்திரிகைக்காரங்க இதை டி கோல் புகழ் பாடற படம்னு போட்டுத் தாளிச்சாங்க. நேரம் அப்படி, டி கோல் ஆட்சியை எதிர்த்து மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்தின 1968 மே போராட்டம் நடந்து ஒரு வருஷம்தான் ஆகுது, டி கோல் அந்த ஏப்ரல்லதான் ஜனாதிபதி பதவியை விட்டுப் போயிருந்தார், இளைஞர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது. ஒரு மெடல் காட்சிக்காக மொத்தப் படத்தையும் அப்படி முத்திரை குத்தினது அநியாயம்னுதான் சொல்வேன், டி கோல் புகழ் பாட நெனைக்கறவன் துண்டால கழுத்தை நெரிக்கற சீனை வெப்பானா? அமெரிக்காவுக்கு இந்தப் படம் 2006லதான் தியேட்டர் ரிலீஸ் ஆச்சு, முப்பத்தேழு வருஷம் கழிச்சு, அந்த வருஷம் நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த வெளிநாட்டுப் படம்னு விருது வேற கொடுத்தாங்க. மெல்வில் 1973லயே போய்ச் சேந்துட்டார்.

நீங்க பாக்கறதா இருந்தா ரெஸ்டோர் பண்ண பிரிண்ட்டா பாருங்க. கேமராமேன் பியர் லோம் மேற்பார்வையிலயே பண்ணது. நான் முதல்ல பாத்தது ஏதோ ஒரு மங்கின காப்பி, எல்லாம் பழுப்பா இருந்தது. நல்ல பிரிண்ட்ல பாத்தா ஊர் பூரா நீலம் கலந்த ஒரு குளிர் நிறம், வீட்டுக்குள்ளகூட வாயில புகை வர்ற மாதிரி இருக்கும்.

கடைசிப் பகுதிக்கு வரேன், பாக்காதவங்க இங்க நிறுத்திக்கலாம்.

ஜெர்பியே மறுபடி மாட்டறார். கைதிகளை ஒரு நீளமான சுரங்கம் மாதிரி இடத்துல நிக்க வெச்சு, ஓடுங்க, அந்தக் கடைசிச் சுவரைத் தொட்டவனுக்கு இன்னிக்கு உயிர், அடுத்த பேட்ச்சோட மறுபடி பாத்துக்கலாம்ங்கறான் ஜெர்மன் ஆபீசர். ஜெர்பியே ஓட மாட்டேன்னு முடிவு பண்றார். மத்தவங்க ஓடறாங்க. காலடியில குண்டு தெறிக்குது, ஓடிடறார். புகை, மேல இருந்து ஒரு கயிறு, மத்தில்ட் போட்ட பிளான், தப்பிச்சாச்சு. ஆனா அவருக்கு அதுக்கு அப்புறம் ஒரே அரிப்பு, நான் ஓடுவேன்னு அந்த ஆபீசருக்கு எப்படி அவ்ளோ உறுதியா தெரிஞ்சது.

அப்படி அவரைக் காப்பாத்தின மத்தில்ட் கொஞ்ச நாள்ல புடிபடறா. பர்ஸ்ல மக போட்டோ இருக்கு. அதைத் தூக்கிப் போடுன்னு ஜெர்பியே முன்னாடியே சொல்லியிருந்தார், அவ்ளோ கெட்டிக்காரி அந்த ஒண்ணை மட்டும் கேக்கல. ஆளுங்க பேரைச் சொல்லு, இல்லைன்னா உன் பொண்ணை போலந்துல சிப்பாய்களோட விபச்சார விடுதிக்கு அனுப்புவோம்னு மிரட்டறாங்க. அப்புறம் திடீர்னு விடுதலை பண்ணிடறாங்க, அன்னிக்கே ரெண்டு பேர் கைதாகறாங்க. அவளைக் கொன்னுடணும்னு ஜெர்பியே சொல்றார். பிசோன்ங்கற அந்த முரட்டு ஆளு முடியாதுங்கறான், அவ என் உயிரைக் காப்பாத்தினவ, என் கையால நடக்காது, உன்னையும் விட மாட்டேன்னு எகிறறான். அப்பத்தான் பக்கத்து ரூம்ல இருந்து லூக் ழார்தி வந்து உக்காந்து நிதானமா பேசறார். அவ ஏன் வெளிய வந்தா தெரியுமா, நாம அவளைக் கொல்லணும்னு அவளே கேக்கறா, தற்கொலை பண்ணா பொண்ணுக்கு ஆபத்து, எல்லாத்தையும் சொல்லாம இழுத்தடிச்சு நமக்கு ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்திருக்கா. பிசோன் அடங்கிடறான். அவன் போனதும் ஜெர்பியே கேக்கறார், நிஜமா அப்படித்தானா? லூக் சொல்றார், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்புறம் அவரே கார்ல ஏறி அவங்களோட வரார்.

தெருவுல நடந்து வர்ற மத்தில்ட் பக்கத்துல கார் மெதுவா வருது. அவ நின்னு பாக்கறா. ரெண்டு குண்டு. அப்புறம் கார்ல இருக்கற நாலு பேர் முகத்து மேலயும் ஒவ்வொரு வரியா எழுத்து வருது, யார் எந்தத் தேதியில எப்படிச் செத்தாங்கன்னு. ஒருத்தன் 1943 நவம்பர் 8ல சயனைடு, பிசோன் டிசம்பர் 16ல கோடாலியால தலை வெட்டி, லூக் 1944 ஜனவரி 22ல சித்ரவதையில, ஒரே ஒரு பேரைச் சொல்லிட்டு, தன்னோட பேரை. ஜெர்பியே பிப்ரவரி 13, இந்தத் தடவை ஓட வேண்டாம்னு முடிவு பண்ணார். பாரிஸ் விடுதலை ஆனது அந்த ஆகஸ்ட்ல, ஒருத்தரும் அதைப் பாக்கல. 1943ல எழுதின கெசலால இந்தத் தேதிங்களை எழுதியிருக்கவே முடியாது, மெல்வில் சேத்தது.

இங்கதான் எனக்கும் அந்த ஆபீஸ் நண்பனுக்கும் (ரெண்டாவது தடவை பாத்துட்டு வந்து கட்சி மாறிட்டான்) ஒரு தீராத சண்டை. அவன் சொல்றான், மத்தில்ட் அந்தக் காரைப் பாக்கற பார்வையில ஒரு நிம்மதி இருக்கு, லூக் சொன்னது சரிதான், அவளுக்காக வந்திருக்காங்கன்னு அவளுக்குத் தெரியும்ங்கறான். எனக்கு அப்படித் தெரியல. தன் ஆளுங்களைப் பாத்த ஆச்சரியம், அடுத்த நொடி புரிஞ்சுபோன அதிர்ச்சி, அவ்ளோதான் அந்த முகத்துல இருக்கு. லூக் அந்தக் கதையை பிசோனுக்காகத்தான் கட்டினார், கட்டினது தனக்கே உறுத்தினதாலதான் வீட்டுல உக்காராம கார்ல வந்து ஏறினார். அவரு ஏறினதுக்கு வேற என்ன காரணம் இருக்கு, அவர் வந்துதான் ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லையே. நண்பன்கிட்ட இதைச் சொன்னா, லூக்குக்கு அவ மேல மரியாதை, கடைசியா ஒரு தடவை நேர்ல பாக்க வந்தார்ங்கறான். சிக்னோரே முகத்தை பாஸ் பண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கான், பாரு பாருங்கறான். பாத்தேன். நான் சொன்னதுதான் சரி.